கழலாத பற்றரி

மட்டக்களப்பு வாவியின் கரையில் இரும்பு நெடுநாள் நலமாக வாழ்வதில்லை. கல்லடியில் 1924ஆம் ஆண்டு அமைந்த பழைய இரும்புப் பாலத்தின் மேல் ஒரு முறையேனும் நடந்தவர்களுக்கு உப்புக்காற்றின் வேலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டுப் போக்குவரத்து அதன்மேல் சென்றது. பாலத்தைப் பற்றிய அதே காற்றுத்தான் கரையோரத் தச்சனின் கையிலுள்ள சிறிய துளைபொறியையும் பற்றுகின்றது. பாலத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்த வேலை, துளைபொறிக்கு ஓரிரு மழைக்காலத்தில் முடிந்துவிடுகின்றது. அது தன்னை அறிவிக்கும் முறையும் வேறு. ஒரு நாட் காலையில் பற்றரியைக் கழற்ற முயன்றால், அது கழல மறுக்கின்றது.

பாடநூல்கள் இப்பொருளை மின்கலவடுக்கு என்று வழங்கும். கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகளாரின் மண்ணில் அச்சொல்லைப் புறக்கணிப்பது முறையன்று. ஆயினும் பட்டறையில் எவரும் அவ்வாறு கூறுவதில்லை. பற்றரி என்றே கூறுவர். இங்கும் அச்சொல்லே போதுமானது.

கழலாத பற்றரி சிறு தொல்லைபோலத் தோன்றும். கூலிக்குப் பணியாற்றும் கைவினைஞனுக்கு அது சிறியதன்று. கருவியின் உடற்பகுதியைவிடப் பற்றரியின் விலை கூடியிருப்பதும் உண்டு. பெரும்பாலோர் ஒரு கருவிக்கு இரண்டு பற்றரிகளை வைத்து, ஒன்று வேலை செய்யும்போது மற்றதை மின்னேற்றிப் பிழைக்கின்றனர். தீர்ந்துபோன பற்றரி கருவியிலேயே சிக்கிக்கொண்டால், மின்னேறிய மற்றொன்று பக்கத்தில் இருந்தும் பயனில்லை. அன்றைய கூலி போயிற்று. பொறுமையிழந்தவர் திருகாணி முடுக்கியை எடுத்து நெம்புகின்றார். உண்மையான இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இக்கருவிகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. வாவியில் ஓடும் தோணிகளும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் கரையெங்கும் பெருகிய கண்ணாடியிழைப் படகுகளும் பெரும்பாலும் கிடக்கும் இடத்திலேயே பழுது பார்க்கப்படுகின்றன. படகைப் பட்டறைக்குச் சுமந்து செல்ல இயலாது. பட்டறைதான் படகைத் தேடி வரவேண்டும். மணற்றிட்டிலும் கண்டற் செடிகளின் ஓரத்திலும் மின்கம்பி ஏது? ஈர மணலில் நீண்ட கம்பியை இழுத்து வைத்து வேலை செய்வதைவிடப் பற்றரிக் கருவி பாதுகாப்பானது என்பதும் உண்மை. 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தில், கிடைத்த சில மணி நேரத்துள் பற்றரியை ஏற்றிவைத்துக்கொண்டு தொழிலை நடத்த முடிந்தவர்களும் இவர்களே.

மின்சாரத்தால் இயங்கும் கைத்துளைபொறியை 1895இல் ஜெர்மனியின் இசுட்டுட்காட் நகரில் பைன் என்னும் நிறுவனம் செய்தது. கைத்துப்பாக்கியைப்போன்ற பிடியும் விசையும் கொண்ட வடிவத்துக்கு 1917இல் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் உரிமம் பெற்றது. அந்நிறுவனமே 1961இல் கம்பியில்லாத துளைபொறியையும் வெளியிட்டது. அதிலிருந்தது நிக்கல்–கட்மியப் பற்றரி. 1991இல் சோனி நிறுவனம் இலிதியம் அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2005ஆம் ஆண்டளவில் அது கைக்கருவிகளுள் புகுந்தது. இன்று கடையில் விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை இவ்வினத்தவையே.

இந்த மாற்றம் இங்குக் கூறப்படுவது வரலாற்று ஆர்வத்தால் அன்று. நிக்கல்–கட்மியக் கலத்தினுள் இருப்பது நீரிற் கரைந்த காரம், அது தீப்பற்றுவதில்லை. இலிதியக் கலத்தினுள் இருப்பதோ எளிதில் எரியக்கூடிய சேதனத் திரவம். 18 வோல்ற்று என்று குறிக்கப்பட்ட பற்றரியில் 3.6 வோல்ற்று கொண்ட ஐந்து கலங்கள் தொடராக உள்ளன. அதன் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டு இணைத்துவிட்டால், நூறு அம்பியரையும் கடக்கக்கூடிய மின்னோட்டம் அத்துண்டின் வழியே பாயும். பழைய பற்றரியைத் தட்டியும் நெம்பியும் பழகிய மூத்த தொழிலாளர் அதே பழக்கத்தைப் புதிய பற்றரிக்கும் காட்டுகின்றனர். கருவியின் தோற்றம் மாறவில்லை என்பதனால் உள்ளிருப்பதும் மாறவில்லை என்று கொள்வது இயல்பே, ஆனாற் பிழை.

பற்றரி கருவியோடு பொருந்தும் முறையைச் சற்று நோக்க வேண்டும். கருவியின் அடியில் இரு பக்கமும் நீண்ட தவாளிப்புகள் உள்ளன. பற்றரியின் தோள்கள் அத்தவாளிப்புகளில் வழுக்கிச் செல்கின்றன. முடிவில் ஒரு சிறு நாக்கு மேலெழுந்து பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்கின்றது. நாக்கைத் தூக்கி நிறுத்துவது ஓர் எஃகுச் சுருள்வில். விரலால் அழுத்தும் பொத்தான் அந்நாக்கைக் கீழே இறக்குகின்றது. நடுவிலே செப்புக் கலவையாலான தொடுதகடுகள், ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு மின்னைக் கடத்துகின்றன. ஆகவே பற்றரி சிக்குமிடங்கள் மூன்றே: தவாளிப்பு, நாக்கு, தொடுதகடு.

வாவிக்கரையில் இம்மூன்றையும் ஒருங்கே பற்றுவது உப்பு. கடலுப்பு வெறும் சோடியங்குளோரைட்டு அன்று. தூய சோடியங்குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு ஆனதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் மகனீசியங்குளோரைட்டும் கலந்திருக்கின்றது. அதற்கு 33 பங்கே போதும். வாவிக்கரையின் காற்று அவ்வளவு உலர்வது அரிது. எனவே உப்புப் படிந்த தகடு, மழையில் நனையாமலே, எப்போதும் சிறிதளவு நனைந்திருக்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலிலே அப்படலம் உலர்ந்து தூசியோடு இறுகுகின்றது; இரவின் ஈரத்தில் மீண்டும் இளகுகின்றது. இவ்வாறு நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ்தல், ஒரே நிலையில் நனைந்து கிடப்பதைவிட உலோகத்துக்குக் கேடானது. வாடைக்காற்றின் மழைக்காலத்தை மட்டும் அஞ்சுபவர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

மின் இல்லாத ஆணிக்கும் பற்றரியின் தகட்டுக்கும் மற்றொரு வேறுபாடு உண்டு. பற்றரியைக் கருவியிலே விட்டுவைத்தால், உப்புநீர்ப் படலத்தின் இரு கரையிலும் நேர்முனையும் எதிர்முனையும் 18 வோல்ற்று வேறுபாட்டுடன் நிற்கின்றன. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்திக் காட்டும் அதே பரிசோதனை, யாரும் பாராமல், கருவியின் பிடிக்குள்ளே நடைபெறுகின்றது. நேர்முனைச் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து பச்சைக் களிம்பாகின்றது. அக்களிம்பு இரு தகடுகளுக்கும் நடுவே இறுகிப் பசைபோல அவற்றைப் பிணைக்கின்றது. எஃகுச் சுருள்வில்லின் கதை வேறு. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. மயிரிழை இடைவெளியில் இயங்கவேண்டிய நாக்கு அதனால் அசைய இடமின்றி நின்றுவிடுகின்றது.

படகு வேலையிற் சேரும் பொருள்கள் தனி. கண்ணாடியிழையைத் தேய்க்கும்போது எழும் தூள் மிக நுண்ணியது. வியர்வையோடு கலந்து தவாளிப்பை அடைக்கின்றது. பிசினாகிய றெசின் ஒரு துளி பற்றரியின் விளிம்பில் விழுந்து கவனிக்கப்படாமற் போனால், ஒரு மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். மரவேலையில் மரத்தூளும், கட்டட வேலையிற் சீமெந்தும் அவ்வாறே. சீமெந்துத் தூள் ஈரம் பட்டதும் தானே இறுகும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய கருவியில், வேறு குற்றமேதும் இன்றியே, பற்றரி இறுக்கமாக இருப்பதும் உண்டு. பலமுறை கழற்றி மாட்டினால் அது தானே தளரும். வேறு நிறுவனம் செய்த மலிவான பற்றரியின் அளவு மயிரிழை பிசகியிருந்தாற் சிக்குவது வியப்பன்று. இவையெல்லாவற்றிலும் பொல்லாதது வெப்பத்தால் நேரும் சிக்கல். களிம்பேறிய தகடுகளின் வழியே பெரும் மின்னோட்டம் பாயும்போது தகடு சுடுகின்றது. அதைச் சூழ்ந்த பிளாத்திக்கு இளகிக் கருவியோடு ஒட்டிக்கொள்கின்றது. கருகிய மணமும், தகட்டருகே மஞ்சளோ கபிலமோ படர்ந்திருப்பதும் அதன் அடையாளங்கள். அத்தகைய பற்றரியை வீட்டில் இழுத்துப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே தகும்.

பற்றரி கழலவில்லை என்றதும் கை முதலிற் செல்லவேண்டியது பற்றரிக்கு அன்று, விசைக்கு. முன்னும் பின்னும் சுழலும் திசையை மாற்றும் சிறு கட்டையை நடுவில் நிறுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும். அதன்பின் துளைக்கும் அலகையோ வெட்டும் தட்டையோ அகற்றிவிடவேண்டும். பற்றரி உள்ளேயிருக்கும் வரையிற் கருவி உயிருள்ளதே. அடுத்து, புறங்கையைப் பற்றரியின் அருகே கொண்டுசென்று பார்க்கலாம். அது சூடாக இருந்தால், உப்பியிருந்தால், சீறும் ஒலியோ இனிப்புச் சாயலுள்ள மருந்து மணமோ வந்தால், கழற்றும் எண்ணத்தைக் கைவிடவேண்டும். தீண்டக்கூடிய நிலையில் இருந்தாற் கருவியோடு வெளியே எடுத்துச்சென்று, கிடுகுவேலியும் வலையும் றெசின் வாளியும் இல்லாத வெறுமணலில் வைத்துவிட்டு விலகி நிற்பதே செயல். தீப்பற்றினால் மணலை அள்ளிக் கொட்டுவது சுவாலையை மறைக்குமேயன்றிக் கலங்களின் சூட்டைத் தணிக்காது. சூட்டைத் தணிப்பது ஏராளமான தண்ணீர். அதையும் எட்ட நின்று ஊற்றவேண்டும். எழும் புகை நஞ்சு.

அத்தகைய அறிகுறி ஒன்றும் இல்லையாயின், பொத்தான் என்ன சொல்கின்றது என்று கேட்கவேண்டும். பட்டறைகளில் இதனைச் செய்பவர் சிலரே. பலர் இழுப்பதிலேயே குறியாக இருக்கின்றனர். பொத்தான் நன்றாக உள்ளே சென்று, விட்டதும் துள்ளித் திரும்பினால் நாக்கும் வில்லும் நலமாயுள்ளன. பிடித்திருப்பது தவாளிப்போ தகடோ ஆகும். உள்ளே சென்ற பொத்தான் திரும்பி வாராவிட்டால் வில் துருப்பிடித்து வலுவிழந்தது. பொத்தான் அசையவே மறுத்தால், அதன் கீழே தூள் இறுகியிருக்கலாம். அல்லது பற்றரியின் பாரம் முழுவதும் நாக்கின்மேற் சாய்ந்து, அதை இறங்கவொட்டாமல் தடுக்கலாம். இம்மூன்றாவது நிலையில் இழுக்க இழுக்க நாக்கு மேலும் இறுகும்.

ஆகையால் முதல் முயற்சி இழுப்பது அன்று, தள்ளுவது. பற்றரியை அது மாட்டப்பட்ட திசையிலேயே இன்னும் சற்று உள்ளே அழுத்தி, அந்நிலையிற் பொத்தானை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னர் நேராக வெளியே இழுக்கவேண்டும். கதவுத் தாழ் இறுகிக்கொண்டாற் கதவைச் சற்றே சாத்தித் தாழை நீக்கும் அதே முறை. சிக்கிய பற்றரிகளிற் பல இதற்கே இணங்கிவிடும். இணங்காவிட்டால், கருவியைப் பற்றரி கீழே இருக்கும்படி பிடித்துப் பொத்தானை அழுத்தியவாறு, பற்றரியின் தோளில் உள்ளங்கையாலோ இறப்பர்ச் சுத்தியலாலோ, வழுக்கும் திசையிலே மெல்லத் தட்டலாம். இடமும் வலமுமாக மயிரிழை அசைப்பதும் உதவும். இருவர் இருந்தால் ஒருவர் கருவியைப் பிடிக்க மற்றவர் பற்றரியை இழுப்பது எளிது. இரும்புச் சுத்தியல் ஆகாது. கலத்தின் எஃகுக் கூடு உட்குழிந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து மின்னேற்றும்போது தெரியும்.

தவாளிப்பில் இறுகிய தூளைக் கிளற ஊரிலுள்ள மிகச் சிறந்த கருவி தென்னோலை ஈர்க்கு. நன்கு உலர்ந்த ஈர்க்கு மின்னைக் கடத்தாது, மெல்லியது, வளையும், முறிந்தாலும் தகட்டைக் கீறாது. வெற்றுப் பிளாத்திக்குப் போத்தலிலிருந்து வெட்டிய பட்டையும் நாக்கை அமுக்க ஏற்றது. கத்தி முனை, கம்பி, ஊசி, திருகாணி முடுக்கி ஆகிய எதனையும் தகடுகள் இருக்கும் பக்கத்தில் நுழைத்தல் கூடாது. காற்றூதும் பொறி இருந்தால் அதனால் ஊதலாம். தூள் உள்ளே செல்லாமல் வெளியே வரும் திசையறிந்து ஊதவேண்டும்.

எண்ணெய் விடுவதைப் பற்றிப் பட்டறைகளில் நிலவும் நம்பிக்கைகள் பல. அவற்றிற் பெரும்பான்மை தீங்கானவை. மண்ணெண்ணெய், பெற்றோல், வர்ணம் கரைக்கும் தின்னர் ஆகியவை பற்றரிக் கூடு செய்யப்படும் பொலிகாபனேற்று முதலிய பிளாத்திக்கு வகைகளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கண்ணாடியிழை வேலை செய்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருப்பது தூரிகை கழுவும் அசற்றோன். அது இன்னும் கொடியது. சில பிளாத்திக்குகளை அது கரைத்தே விடும். சிக்கிய பற்றரியின் விளிம்பில் அசற்றோனைச் சிந்துவது, சிக்கலை அவிழ்ப்பதற்குப் பதிலாக இரு பகுதிகளையும் ஒன்றாக ஒட்டவைக்கும் செயலாக முடியலாம். தேங்காயெண்ணெய் பிளாத்திக்கைக் கெடுக்காவிடினும் நாளடைவிற் பிசுபிசுத்துத் தூளைக் கூவி அழைக்கும். தேவை என்று தோன்றினால், உலர்ந்து நிற்கும் சிலிக்கோன் தெளிப்பைத் தவாளிப்பின் பக்கத்தில் மட்டும் சிறிது இடலாம். தண்ணீர் எவ்விதத்திலும் ஆகாது.

இவையனைத்தும் பொய்த்தால், கருவியின் உடலை இரண்டாகப் பிளக்கும் திருகாணிகளைக் கழற்றிப் பற்றரியை விடுவிப்பது பழுதுபார்ப்போர் செய்யும் முறை. அப்போதும் உள்ளே கம்பிகளில் மின் நிற்கின்றது. ஆகையால் இது பழகிய கைக்கே உரியது. பற்றரியின் கூட்டைப் பிளப்பது மட்டும் எவர்க்கும் உரியதன்று.

கழன்ற பின்னர்ச் செய்யவேண்டியதைப் பலர் செய்வதில்லை. கழன்றதே போதும் என்று அடுத்த பற்றரியை மாட்டி வேலையைத் தொடர்கின்றனர். மறுவாரம் அதுவும் சிக்குகின்றது. தவாளிப்பைப் பழைய பற்தூரிகையால் உலரத் துடைத்து, தகடுகளை ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும். பச்சைக் களிம்பு கருவியின் தகட்டில் இருந்தால், பஞ்சு முனையில் வினாகிரியைத் தொட்டு அவ்விடத்தில் மட்டும் தேய்த்து, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வினாகிரியை நீக்கி, மீண்டும் அற்ககோலால் துடைத்து நன்கு உலரவிடலாம். பற்றரிப் பக்கத்துக்கு வினாகிரி கூடாது. அங்கே இரு முனைகளும் மின்னோடு நிற்கின்றன. மணற்கடதாசியாற் களிம்பைத் தேய்ப்பது பெருந்தவறு. செம்பின்மேற் பூசப்பட்ட வெள்ளீயமோ நிக்கலோ அதனோடு போய்விடும். வெற்றுச் செம்பைப் பற்ற உப்புக்கு ஒரு கிழமைகூட வேண்டாம்.

மாலையில் வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வைப்பவரின் கருவியில் இச்சிக்கல் அரிதாகவே தோன்றும். முனைமூடி இருந்தால் அதனை மாட்டி, மூடி இறுகும் பிளாத்திக்குப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்கலாம். ஆணியும் திருகாணியும் கிடக்கும் பையில் வெறும் பற்றரியைப் போடுவது, திருகாணி முடுக்கியால் நெம்புவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பல வாரம் வேலையில்லை என்றாற் பாதியளவு மின்னேற்றி வைப்பது நன்று. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிறுத்திய வண்டியினுள்ளும் வைத்தல் தகாது. சூடேறிய பற்றரியை ஆறும் முன்னர் மின்னேற்றுதலும் தகாது.

தோணியில் வேலை செய்யும்போது பற்றரி வாவியில் விழுதல் அரிய நிகழ்ச்சியன்று. மாரியில் ஆற்றுவெள்ளம் வாவியை நிறைக்கும்போது அதன் நீரில் உப்புக் குறையும், கோடையில் ஏறும். எந்தக் காலத்தில் விழுந்ததாயினும் அப்பற்றரியை வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் என்னும் சூறாவளி தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்வண்டிகள் சில, வெள்ளம் வடிந்து நாட்கள் கழிந்த பின்னர்த் தாமே தீப்பற்றின. உள்ளே தங்கிய உப்பு, நீர் உலர்ந்த பின்னரும் மின்னுக்கு வழி அமைத்துக்கொடுத்ததே காரணம். கைக்கருவியின் பற்றரி சிறியது. உள்ளிருக்கும் பொருளோ அதே இனம். வாவியிலிருந்து மீட்ட பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவராமல், குழந்தைகள் செல்லாத வெளியிடத்தில், எரியும் பொருள் அருகில்லாத மணலிலோ சீமெந்துத் தரையிலோ வைத்துவிடவேண்டும்.

பயனற்றுப்போன பற்றரியை வாவியில் எறிவோரும், குப்பையோடு எரிப்போரும் இன்னும் உளர். எறிந்தால் அதிலுள்ள உலோகங்கள் இறாலும் மீனும் வாழும் நீரைச் சேரும், எரித்தால் வெடிக்கும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் அதனை ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன்னர் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் தனித்தனியே மூடி, ஒரு பற்றரியின் முனை மற்றொன்றின் முனையைத் தொடாதவாறு வைக்கவேண்டும். தீர்ந்துபோனது என்று தோன்றும் பற்றரியிலும் ஒரு பொறியை எழுப்பும் அளவுக்கு மின் எஞ்சியிருக்கும்.